உங்களுக்குத் தெரியுமா? டெல்லியில் யாருக்கு யார் ஆலோசகர்?

இந்தியக் குடியரசுத் தலைவருக்கு ஆலோசனை சொல்ல அரசமைப்புச் சட்டம் யாரை வைத்திருக்கிறது? பிரதமரையும் அமைச்சரவையையும்தான். பிரிவு 74 அப்படித்தான் சொல்கிறது. அவர்கள் என்ன ஆலோசனை சொன்னார்கள் என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்பதும் அதே பிரிவில் இருக்கிறது. ஆக, நாட்டிலேயே மிகப் பெரிய ஆலோசகர் குழு அமைச்சரவைதான். அந்தக் குழு தனக்கென்று தனி ஆலோசகர்களை வைத்துக்கொள்ளும்போதுதான் கதை சுவாரசியமாகிறது.

●

முதல் குடியரசுத் தலைவர் ராஜேந்திர பிரசாத்துக்கே இதில் சந்தேகம் வந்தது. 1951 செப்டம்பரில், இந்து சட்டத் தொகுப்பு மசோதா விஷயத்தில் தம் சொந்த முடிவுப்படி நடக்க விரும்புவதாக நேருவுக்கு எழுதினார். நேரு இரண்டு பேரிடம் கருத்துக் கேட்டார். ஒருவர், நாட்டின் முதல் அட்டர்னி ஜெனரல் எம்.சி.செதல்வாட். இன்னொருவர், சென்னை வழக்கறிஞர் அல்லாடி கிருஷ்ணசாமி அய்யர். அரசமைப்புச் சட்ட வரைவுக் குழுவில் இருந்தவர். அமைச்சரவை சொல்வதைக் கேட்டே ஆகவேண்டும் என்று இருவருமே சொன்னார்கள். பிரசாத் அதோடு விடவில்லை. 1960 நவம்பரில் இந்தியச் சட்ட நிறுவனத்தின் அடிக்கல் நாட்டு விழாவில், எல்லோர் முன்னிலையிலும் மறுபடி அதே கேள்வியை எழுப்பினார்.

பதில் சட்டத்திலேயே எழுத்தாக ஏறியது 1976-ல், 42-வது திருத்தத்தில். 1978-ல் 44-வது திருத்தம் ஒரு சின்னச் சலுகை தந்தது: ஒரே ஒரு முறை 'மறுபடி யோசியுங்கள்' என்று திருப்பி அனுப்பலாம். அமைச்சரவை மீண்டும் அதையே அனுப்பினால் கையெழுத்துப் போட்டாக வேண்டும்.

●

அந்தச் சலுகையைப் பயன்படுத்திக் காட்டியவர் கே.ஆர்.நாராயணன். 1997 அக்டோபரில் உத்தரப் பிரதேசத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி வேண்டும் என்றது குஜ்ரால் அமைச்சரவை. கோப்பு திரும்பி வந்தது. 1998 செப்டம்பரில் பிகாருக்கு அதே பரிந்துரையை அனுப்பியது வாஜ்பாய் அமைச்சரவை. அதுவும் திரும்பியது. குஜ்ரால் அத்தோடு விட்டுவிட்டார். வாஜ்பாய் அரசு 1999 பிப்ரவரியில் மறுபடி கேட்டு வாங்கியது.

●

1975 ஜூன் 25 இரவு. பதவி இல்லாத ஆலோசகர் என்ன செய்ய முடியும் என்று அறிய இந்த ஓர் இரவு போதும்.

அன்று பிரதமர் இந்திரா காந்தியுடன் ராஷ்டிரபதி பவனுக்குப் போனவர் சித்தார்த்த சங்கர் ராய். அவர் அப்போது மேற்கு வங்க முதலமைச்சர். மத்திய அரசில் அவருக்கு ஒரு பொறுப்பும் கிடையாது. உள்துறை அமைச்சரோ சட்ட அமைச்சரோ ஆலோசிக்கப்படுவதற்கு முன்பே, நெருக்கடி நிலைக்கு எந்தச் சட்டப் பிரிவைப் பயன்படுத்தலாம் என்று எடுத்துச் சொன்னவர் அவர்தான். குடியரசுத் தலைவர் ஃபக்ருதீன் அலி அகமது இரவோடிரவாகக் கையெழுத்திட்டார். அமைச்சரவை கூடியது மறுநாள் காலை 6 மணிக்கு. முடிந்துபோன காரியத்துக்குத் தலையாட்டுவதைத் தவிர அவர்களுக்கு வேறு வேலை இல்லை. குளியல் தொட்டியில் இருந்தபடியே குடியரசுத் தலைவர் காகிதங்களில் கையெழுத்துப் போட்டு நீட்டுவதாக அபு ஆபிரகாம் போட்ட கேலிச்சித்திரம், அந்த ஆண்டு டிசம்பரில் இந்தியன் எக்ஸ்பிரஸில் வந்தது. தணிக்கை அமலில் இருந்த காலத்தில் அது எப்படித் தப்பியது என்பது தனி ஆச்சரியம்.

பூட்டு பிறகுதான் வந்தது. அமைச்சரவையின் முடிவு எழுத்தில் வந்தால் ஒழிய நெருக்கடி நிலையைப் பிரகடனம் செய்யக் கூடாது என்று 44-வது திருத்தம் சேர்த்தது. பிரதமரின் வாய்ச்சொல்லுக்கும், கூட வந்தவரின் யோசனைக்கும் இனி அங்கே இடமில்லை.

●

எழுத்தில் வந்தால் மட்டும் எல்லாம் சரியாகிவிடுமா? 2005 மே மாதம் அப்துல் கலாம் மாஸ்கோவில் இருந்தார். பிகார் சட்டமன்றத்தைக் கலைக்கும் அமைச்சரவை முடிவு டெல்லியிலிருந்து ஃபேக்ஸில் போனது. கையெழுத்தும் ஃபேக்ஸிலேயே திரும்பி வந்தது. அந்தக் கலைப்பு அரசமைப்புச் சட்டத்துக்கு விரோதமானது என்று 3-க்கு 2 என்ற பெரும்பான்மையில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதற்குப் பிறகு ராஜினாமா கடிதம் எழுதி வைத்திருந்ததாகவும், மன்மோகன் சிங் வற்புறுத்தியதால் விட்டுவிட்டதாகவும் கலாமே பின்னாளில் தம் நூலில் எழுதினார். தவறான ஆலோசனை சொன்ன அமைச்சரவையில் யாரும் பதவி விலகவில்லை.

●

கலாமுக்கு இன்னொரு தனிச் சிறப்பு. 1999-ல் மத்திய அரசின் முதன்மை அறிவியல் ஆலோசகர் பதவி உருவானபோது அதில் முதலில் அமர்ந்தவர் அவர். கேபினட் அமைச்சர் அந்தஸ்து. 2001-ல் விலகி அண்ணா பல்கலைக்கழகத்துக்கு வந்தார். அடுத்த ஆண்டே ராஷ்டிரபதி பவன். ஆலோசனை சொல்லும் நாற்காலியிலும் கேட்கும் நாற்காலியிலும் உட்கார்ந்து பார்த்தவர். அவருக்குப் பின் அந்தப் பதவியில் 2018 வரை இருந்தவர் சென்னையில் பிறந்த அணு விஞ்ஞானி ஆர்.சிதம்பரம்.

●

தேசியப் பாதுகாப்பு ஆலோசகர் பதவியை அரசமைப்புச் சட்டத்தில் தேடாதீர்கள், கிடைக்காது. நாடாளுமன்றம் இயற்றிய தனிச் சட்டமும் அதற்கு இல்லை. 1998 நவம்பரில் வாஜ்பாய் அரசின் நிர்வாக உத்தரவில் பிறந்த பதவி அது. முதலில் வந்த பிரஜேஷ் மிஸ்ரா, பிரதமரின் முதன்மைச் செயலாளராகவும் இருந்தார். 2014 முதல் அஜித் தோவல். 2019-ல் அவருக்குக் கேபினட் அந்தஸ்தும் கிடைத்தது. அமைச்சர் என்றால் மக்களவையில் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும். ஆலோசகருக்கு அந்தத் தொல்லை இல்லை. சீனாவோடு எல்லைப் பேச்சுவார்த்தை நடத்தும் சிறப்புப் பிரதிநிதியும் அவரே என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இந்த விடுதலை எவ்வளவு பெரியது என்று புரியும். என்னைக் கேட்டால், டெல்லியில் அதிகாரத்துக்கும் கணக்குக் கேட்பதற்கும் இடையே மிக அகலமான இடைவெளி இருப்பது இந்த நாற்காலியில்தான்.

அமெரிக்காவிலும் இதே கதை. அமைச்சர்களை அதிபர் நியமித்தால் செனட் சபை ஒப்புதல் தர வேண்டும். தேசியப் பாதுகாப்பு ஆலோசகருக்கு அது வேண்டாம். 1969-ல் கிஸிஞ்சர் அப்படித்தான் வந்தார். தற்காலிகமாகச் சேர்க்கப்படும் 'சிறப்பு அரசு ஊழியர்' 365 நாளில் 130 நாள் மட்டுமே வேலை செய்யலாம் என்று அங்கே ஒரு வரம்பு உண்டு. 2025-ல் ஈலான் மஸ்க் வந்ததும் போனதும் அந்தக் கணக்கில்தான்.

●

தலைமைப் பொருளாதார ஆலோசகர் பதவி இதற்கு நேர்மாறு. அவர் தயாரிக்கும் பொருளாதார ஆய்வறிக்கை பட்ஜெட்டுக்கு முன்பே நாடாளுமன்றத்தில் வைக்கப்படுகிறது. யார் வேண்டுமானாலும் படித்துச் சண்டை போடலாம். 2016-17 அறிக்கையில் அனைவருக்கும் அடிப்படை வருமானம் என்று ஒரு அத்தியாயமே எழுதினார் அரவிந்த் சுப்ரமணியன். அரசு அதை ஏற்கவில்லை. ஆனால் அறிக்கையிலிருந்து எடுக்கவும் இல்லை. பணமதிப்பிழப்பு கடுமையான அதிர்ச்சி என்று அவர் வெளிப்படையாக எழுதியதோ பதவியை விட்டுப் போன பிறகு.

ரகுராம் ராஜன், அரவிந்த் சுப்ரமணியன், கிருஷ்ணமூர்த்தி சுப்ரமணியன், இப்போது வெ.அனந்த நாகேஸ்வரன். 2012-லிருந்து இந்த நாற்காலி ஏறக்குறையத் தமிழர் கையிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறது. இவர்களில் ராஜனையும் அரவிந்தையும் 2021-ல் தமிழ்நாடு அரசும் முதலமைச்சரின் பொருளாதார ஆலோசனைக் குழுவில் சேர்த்துக்கொண்டது. நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டூஃப்லோவும் அந்த ஐவரில் ஒருவர்.

●

ஓர் ஆலோசகருக்காக அவசரச் சட்டம்! 2014 மே 26 அன்று நரேந்திர மோடி பதவியேற்றார். தம் முதன்மைச் செயலாளராக அவர் தேர்ந்தெடுத்தவர் நிருபேந்திர மிஸ்ரா. அவர் முன்பு தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் தலைவர். அந்தப் பதவியில் இருந்தவர் பிறகு மத்திய, மாநில அரசுப் பணி எதிலும் சேரக் கூடாது என்று டிராய் சட்டமே தடுத்தது. நாளைக்கு ஒரு பதவி கிடைக்கும் என்ற ஆசையில் இன்று தீர்ப்பு வளைந்துவிடக் கூடாது என்பது அதன் நோக்கம். பதவியேற்ற இரண்டாம் நாள், மே 28 அன்று, பிரணாப் முகர்ஜியின் கையெழுத்தில் அவசரச் சட்டம் வந்து அந்தத் தடையை நீக்கியது. ஜூலையில் நாடாளுமன்றமும் ஒப்புதல் தந்துவிட்டது. மிஸ்ராவின் திறமையைப் பற்றி யாரும் கேள்வி எழுப்பவில்லை. ஒருவருக்காக வேலியையே பிரிக்கலாமா என்பதுதான் அன்றைய கேள்வி. அது இன்றும் அப்படியே நிற்கிறது.

●

டெல்லி யூனியன் பிரதேச அரசின் கதை வேறு ரகம். இங்கே தடைகளுக்குப் பஞ்சமே இல்லை.

2015-ல் ஆம் ஆத்மி கட்சி 70-க்கு 67 இடம் பிடித்தது. வென்றவர்கள் ஏராளம், அமைச்சர் பதவியோ ஏழுதான். சட்டமன்றத்தின் மொத்த எண்ணிக்கையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் அமைச்சர்கள் கூடாது என்று பிரிவு 239ஏஏ கட்டிவைத்திருக்கிறது. எனவே மார்ச் 13 அன்று 21 எம்.எல்.ஏ.க்களை அமைச்சர்களுக்குத் துணையாக நாடாளுமன்றச் செயலாளர்களாக நியமித்தார் அர்விந்த் கெஜ்ரிவால். இது ஆதாயம் தரும் பதவி, இவர்களைத் தகுதிநீக்கம் செய்ய வேண்டும் என்று குடியரசுத் தலைவருக்கு மனு போனது.

அதன் பிறகு நடந்ததை வரிசையாகப் பாருங்கள். அந்தப் பதவிகளுக்கு விலக்கு அளித்து, முன்தேதியிட்டு ஒரு மசோதாவை டெல்லி சட்டமன்றம் நிறைவேற்றியது. 2016 ஜூனில் பிரணாப் முகர்ஜி ஒப்புதல் மறுத்தார். செப்டம்பரில், துணைநிலை ஆளுநரின் சம்மதம் பெறவில்லை என்று நியமனங்களையே டெல்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பதவியே இல்லை என்றான பிறகும் வழக்கு ஓடியது. 2018 ஜனவரி 19 அன்று 20 பேரைத் தகுதிநீக்கம் செய்யத் தேர்தல் ஆணையம் பரிந்துரைத்தது (ஒருவர் பஞ்சாப் தேர்தலில் நிற்பதற்காக முன்பே ராஜினாமா செய்திருந்தார்). மறுநாளே ராம்நாத் கோவிந்த் உத்தரவில் 20 பேரும் பதவி இழந்தார்கள். மார்ச் 23 அன்று உயர் நீதிமன்றம் அதையும் ரத்து செய்தது. அவர்கள் தரப்பை நேரில் கேட்காமலே ஆணையம் முடிவெடுத்துவிட்டது என்பது காரணம். இருபது பேரும் மறுபடி எம்.எல்.ஏ. ஆனார்கள். முதலமைச்சர், சட்டமன்றம், துணைநிலை ஆளுநர், தேர்தல் ஆணையம், குடியரசுத் தலைவர், நீதிமன்றம்: ஒரே நியமனத்தில் இத்தனை பேரின் கையும் பட்ட வழக்கு வேறொன்று சுலபத்தில் கிடைக்காது.

●

அந்தச் சூடு ஆறுவதற்குள் அடுத்தது. 2018 ஏப்ரல் 17 அன்று டெல்லி அமைச்சர்களின் ஆலோசகர்கள் ஒன்பது பேரின் நியமனம் ரத்தானது. அனுமதிக்கப்பட்ட பணியிடப் பட்டியலில் அப்படிப் பதவிகளே இல்லை, மத்திய அரசின் முன் அனுமதியும் வாங்கவில்லை என்றது மத்திய உள்துறை. ஒன்பதில் ஒருவர் ராகவ் சத்தா. 2016-ல் நிதி விஷயங்களுக்காக இரண்டரை மாதம் ஆலோசகராக இருந்தவர். சம்பளம் மாதம் 1 ரூபாய். பட்டியல் வெளியானபோது அவர் அந்த வேலையில் இல்லவே இல்லை. வாங்கிய சம்பளம் மொத்தத்தையும் திருப்பித் தருகிறேன் என்று உள்துறை அமைச்சர் ராஜ்நாத் சிங்குக்கு ஒரு டிமாண்ட் டிராஃப்ட் எடுத்து அனுப்பினார். தொகை: 2 ரூபாய் 50 பைசா.

பட்டியலில் இருந்த இன்னொருவர், கல்வி அமைச்சரின் ஆலோசகர் ஆதிஷி. 2024 செப்டம்பரில் டெல்லியின் முதலமைச்சராகவே பதவியேற்றார்.

●

2023 மே 11 அன்று உச்ச நீதிமன்றம் டெல்லி அதிகாரிகள் மீதான கட்டுப்பாட்டை, சில துறைகள் நீங்கலாக, தேர்ந்தெடுக்கப்பட்ட அரசிடம் கொடுத்தது. எட்டாவது நாள் அவசரச் சட்டம் வந்தது. ஆகஸ்டில் அது சட்டமும் ஆனது. இடமாற்றங்களைப் பரிந்துரைக்க மூவர் குழு அமைந்தது. தலைவர் முதலமைச்சர், மற்ற இருவர் அதிகாரிகள். முடிவு பெரும்பான்மைப்படி. தம் கீழே வேலை பார்க்கும் இரண்டு அதிகாரிகளிடம் முதலமைச்சர் ஓட்டெடுப்பில் தோற்கக்கூடிய ஏற்பாடு உலகில் வேறெங்கும் உண்டா என்று தேடிப் பார்க்கலாம். அந்த ஜூலையில், டெல்லி அரசின் துறைகளில் வேலை பார்த்த ஆலோசகர்கள், ஆய்வாளர்கள் என்று ஏறத்தாழ 400 பேரை நீக்கத் துணைநிலை ஆளுநர் வி.கே.சக்சேனா ஒப்புதல் தந்ததும் நடந்தது.

●

ஆலோசகர் ஆட்சி தமிழ்நாட்டுக்குப் புதிதில்லை. 1939 அக்டோபரில் ராஜாஜி அமைச்சரவை விலகியது முதல் 1946 ஏப்ரலில் பிரகாசம் அமைச்சரவை வரும்வரை, சென்னை மாகாணத்தை ஆண்டவர்கள் ஆளுநரும் அவருடைய ஆலோசகர்களும். சட்டமன்றம் கூடவில்லை. 1976-ல் திமுக ஆட்சி கலைக்கப்பட்டபோதும் ஆளுநர் கே.கே.ஷாவுக்கு மூத்த அதிகாரிகள் ஆலோசகர்களாக வந்தார்கள்.

●

குடியரசுத் தலைவர் உச்ச நீதிமன்றத்திடமும் ஆலோசனை கேட்கலாம், பிரிவு 143. முதன்முதலில் கேட்கப்பட்டது டெல்லியைப் பற்றித்தான்: 1951-ல், டெல்லி சட்டங்கள் சட்டம் தொடர்பாக. ஏழு நீதிபதிகள் உட்கார்ந்து ஏழு தனித்தனித் தீர்ப்பு எழுதினார்கள்! 1991-ல் காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவை முடக்கக் கர்நாடகம் அவசரச் சட்டம் போட்டபோது, அது செல்லாது என்ற பதில் வந்ததும் இதே வழியில். அயோத்தி குறித்து 1993-ல் கேட்டதற்கு, பதில் சொல்ல விரும்பவில்லை என்று 1994-ல் நீதிமன்றம் மரியாதையோடு திருப்பி அனுப்பியது.

அண்மையது நம் ஊர் விவகாரம். தமிழ்நாட்டு மசோதாக்கள் பத்தைப் பற்றி 2025 ஏப்ரல் 8 அன்று வந்த தீர்ப்பு ஆளுநருக்கும் குடியரசுத் தலைவருக்கும் காலக்கெடு வைத்தது. மே 13 அன்று திரௌபதி முர்மு 14 கேள்விகளை அனுப்பினார். நீதிமன்றம் காலக்கெடு விதிக்க முடியாது என்று நவம்பர் 20 அன்று ஐந்து நீதிபதிகள் பதில் சொன்னார்கள். 14 கேள்விகளை அனுப்பும் முடிவும், பிரிவு 74-ன்படி, அமைச்சரவையின் ஆலோசனைதான்.

●

நியமனத்துக்கே தடை போட முடியுமா? முடியும். 2010 செப்டம்பரில் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையரைத் தேர்வு செய்யப் பிரதமர் மன்மோகன் சிங், உள்துறை அமைச்சர் ப.சிதம்பரம், எதிர்க்கட்சித் தலைவர் சுஷ்மா ஸ்வராஜ் மூவரும் உட்கார்ந்தார்கள். பி.ஜே.தாமஸ் பெயர் வந்ததும் சுஷ்மா எதிர்ப்பை எழுத்தில் பதிவு செய்தார். கேரள பாமாயில் இறக்குமதி வழக்கில் தாமஸ் பெயர் இருந்தது. இரண்டுக்கு ஒன்று என்று நியமனம் நடந்தது, குடியரசுத் தலைவர் முன்னிலையில் பதவியேற்பும் முடிந்தது. 2011 மார்ச் 3 அன்று உச்ச நீதிமன்றம் நியமனமே செல்லாது என்றது. ஆள் நல்லவரா என்பதோடு, அந்த அமைப்பின் நம்பகத்தன்மைக்கு என்ன ஆகும் என்றும் தேர்வுக் குழு பார்த்திருக்க வேண்டும் என்று சொன்னது. அந்த ஆணையம் 1964-ல் தோன்றக் காரணமான குழுவுக்குத் தலைமை வகித்தவர் தமிழரான கே.சந்தானம்.

●

ஓய்வுக்குப் பிறகு மத்திய, மாநில அரசுப் பணி எதுவும் ஏற்கக் கூடாது என்று தலைமைக் கணக்குத் தணிக்கையாளருக்கு அரசமைப்புச் சட்டமே (பிரிவு 148) தடை வைத்திருக்கிறது. அந்தப் பதவியில் இருந்து 1989-ல் போஃபர்ஸ் அறிக்கை தந்த டி.என்.சதுர்வேதி பின்னாளில் பாஜக சார்பில் மாநிலங்களவை உறுப்பினரானார், அப்புறம் கர்நாடக ஆளுநரும் ஆனார். ஆளுநர் பதவி அரசுப் பணி ஆகாது என்று 1979-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டதே!

●

கடைசியாக ஒன்று. 2004 ஜூனில் சோனியா காந்தி தலைமையில் தேசிய ஆலோசனைக் குழு அமைந்தது. பொறுப்பில்லாத சூப்பர் கேபினட் என்று எதிர்க்கட்சிகள் திட்டின. அதன் தலைவர் பதவி ஆதாயம் தரும் பதவி என்ற சர்ச்சையில் 2006 மார்ச் 23 அன்று குழுப் பதவியையும் எம்.பி. பதவியையும் சோனியா துறந்து, மே மாதம் ரே பரேலியில் மறுபடி வென்று வந்தார். அந்தப் பதவிக்கு விலக்கு தரும் மசோதாவைக் கலாம் ஒரு முறை திருப்பி அனுப்பினார். நாடாளுமன்றம் மீண்டும் நிறைவேற்றவே ஆகஸ்டில் கையெழுத்திட்டார்.

தகவல் பெறும் உரிமைச் சட்டத்தின் வரைவை வளர்த்தெடுத்ததும், எந்தச் சட்டத்திலும் இடமில்லாத அதே குழுதான். ஆகவே ஒரு வேலை செய்யுங்கள். உங்கள் ஊர் அமைச்சருக்கோ மேயருக்கோ ஆலோசகர் என்று யாராவது இருந்தால், எந்த உத்தரவின்படி நியமனம், சம்பளம் எவ்வளவு, எத்தனை நாளைக்கு என்று கேட்டு மனு போடுங்கள். கட்டணம் 10 ரூபாய். 30 நாளில் பதில் தர வேண்டும்.